இழை அறுந்தால் தறியை விற்பதா?

திருத்தணியைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்வோருக்கு விசைத்தறியின் ஓசை புதிதன்று. பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, எல்லைக்கு அப்பால் ஆந்திராவின் நகரி என எத்திசை சென்றாலும் அவ்வோசை நம்மைத் தொடர்ந்து வரும். தறியில் இழை அறுவது அன்றாட நிகழ்ச்சி. அறுந்தவுடன் நெசவாளர் தறியை நிறுத்துவார். அறுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார். இரு முனைகளையும் விரல்களுக்கிடையே முறுக்கி முடிச்சிடுவார். தறி மீண்டும் ஓடத் தொடங்கும். இழை அறுந்துவிட்டது என்பதற்காகத் தறியை விற்றவர் எவரும் இலர்.

ஆயினும் அத்தகைய நெசவாளர் ஒருவரே, 2025ஆம் ஆண்டில், ஓர் இழை அறுந்த காரணத்தால் தம் வீட்டிலிருந்த அருமையான பொருளொன்றை அறவே கைவிடத் துணிந்தார். அவ்வாறு செய்யும்படி அவருக்கு ஆலோசனை கூறியவர்களுள் நானும் ஒருவன். அந்தத் தவற்றை ஒப்புக்கொண்டே இம்மாதக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

மூத்தவள் பெற்றது, இளையவனுக்கு வந்தது

அப்பொருள் ஒரு மடிக்கணினி. அந்நெசவாளரின் மூத்த மகள் 2019ஆம் ஆண்டில் அரசு மேல்நிலைப் பள்ளியில் பயின்றபோது அரசு விலையின்றி வழங்கியது. இத்திட்டம் தொடங்கப்பெற்றது நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் என்பதைப் பலர் மறந்திருப்பர். 2011 செப்டம்பர் 15 அன்று, காக்களூரில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா இதனைத் தொடங்கிவைத்தார். அதன்பின் சில ஆண்டுகளில் தமிழகமெங்கும் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவ மாணவியர் கைகளுக்குச் சென்றன. எத்தனையோ குடும்பங்களில் வீட்டிற்குள் நுழைந்த முதற் கணினி அதுவே. அக்காள் படித்து முடித்தபின் தம்பிக்கும், தம்பிக்குப்பின் தங்கைக்கும் அது கைமாறி வருவதை இன்றும் காண்கிறோம்.

நம் நெசவாளர் வீட்டிலும் அவ்வாறே. மகள் மணமாகிச் சென்றபின் அக்கணினி மகனுக்கு வந்தது. அவன் கல்லூரியில் இறுதியாண்டு மாணவன். ஒரு நிறுவனத்தின் வேலைவாய்ப்புத் தேர்வை இணையவழியில் எழுத வேண்டியிருந்தது. கைப்பேசியில் எழுத அத்தேர்வில் அனுமதியில்லை. கேமரா பொருத்திய கணினி கட்டாயம். தேர்வுக்கு ஒன்பது நாள்களே எஞ்சியிருந்த நிலையில் கணினி வை-ஃபை இணைப்பைப் பெற மறுத்துவிட்டது.

பையன் அடிமூடியைத் திறந்து பார்த்தான். கீலருகே, நூலினும் சற்றே தடித்த ஒரு கறுப்புக் கம்பி அறுந்து கிடந்தது. தகப்பனாருக்கு அது பெரிதாகப் படவில்லை. இரு முனைகளையும் சுரண்டி, முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றினார். பயனில்லை. கடையொன்றுக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்தவர் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போய்விட்டது, மாற்றினால் ஒன்பதாயிரம் ஆகும், பழைய பெட்டிக்கு அவ்வளவு செலவு செய்வதைவிடப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டார்.

அன்று மாலை அவர் என்னிடம் வந்தார். "தறியில் நாள் முழுவதும் இழை கட்டுகிறேன், பாய். இந்த ஓர் இழை கட்டி நிற்கவில்லையே" என்றார். மனைவியின் தோட்டை அடகு வைப்பது பற்றியும் தயங்கித் தயங்கிக் கூறினார். நான் கலைப் பாடம் பயின்று பட்டம் பெற்றவன், மின்னணுவியல் அறியாதவன். அறியாதவன் மௌனமாக இருந்திருக்கலாம். "ஆறு ஆண்டு உழைத்துவிட்டது, இனி அதைக் கட்டி அழுவதில் பொருளில்லை, பையனின் எதிர்காலம் பெரிது, அடகு வைத்தேனும் புதிது வாங்குங்கள்" என்றேன். அறிவுரை கூறுவதற்குச் செலவில்லை அன்றோ!

பழைய வானொலிக்காரரின் மூன்று சோதனைகள்

அடகுக் கடைக்குச் செல்லும் முன்னர், பழைய கணினியிலிருந்த பையனின் கோப்புகளை வேறிடத்திற்கு எடுத்துவைக்க வேண்டும் என்று எண்ணினோம். அதற்காகக் கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவரிடம் சென்றோம். வால்வு வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துத் தொழில் கற்றவர்; பின்னர் தொலைக்காட்சி, இப்போது கைப்பேசி. கணினியைக் கையில் வாங்கியதும், "அஜ்ரத், இதை விற்க வந்தீர்களா, காட்ட வந்தீர்களா?" என்றார். நடந்ததைக் கூறினோம். அவர் மூன்று சோதனைகள் செய்தார். மூன்றும் நம் வீட்டில் எவரும் செய்யத்தக்கவை.

முதலாவது, கணினியின் 'டிவைஸ் மேனேஜர்' பட்டியலைத் திறந்து, வை-ஃபை அட்டையின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அட்டையோ மதர்போர்டோ அடியோடு கெட்டிருப்பின் பெரும்பாலும் அப்பெயரே தோன்றாது.

இரண்டாவது, கணினியைத் தம் கடையிலிருந்த ரவுட்டருக்கு ஒரு முழத் தொலைவில் வைத்தார். இணைப்புக் கிடைத்தது! பத்தடி அப்பால் கொண்டுசென்றார், இணைப்பு மறைந்தது. அதே இடத்தில் தம் கைப்பேசியைப் பிடித்தார். அதில் குறி முழுமையாக இருந்தது. எனவே ரவுட்டரிலும் குறையில்லை.

மூன்றாவது, கணினியின் மூடியை மெல்லச் சாய்த்தும் நிமிர்த்தும் பார்த்தார். குறிப்பிட்ட ஒரு சாய்வில் இணைப்பு வந்தது, அசைத்தால் போயிற்று.

"பெட்டி நலமாக இருக்கிறது. காதுதான் அடைத்திருக்கிறது" என்று முடித்தார். பின்னர் பையனைப் பார்த்து, "தேர்வைப் பற்றிக் கவலை வேண்டாம். கைப்பேசியை யூ.எஸ்.பி. வடத்தால் கணினியோடு இணைத்து, 'டெதரிங்' என்பதை இயக்கு. வை-ஃபை இல்லாமலே இணையம் வரும். ரவுட்டர் உள்ள வீடாயின் லேன் வடத்தைச் செருகினாலும் போதும். பழுதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் அடகுக் கடைக்குச் செல்லும் தேவை நீங்கியது. நெசவாளர் பேசாமல் நின்றார். நான் தலைகுனிந்து நின்றேன்.

முடிச்சுப் போட்டது ஏன் பயன்படவில்லை?

மடிக்கணினியின் வை-ஃபை அட்டை அடிப்பகுதியில் இருக்கிறது. அதன் ஆண்டெனாக்களோ பெரும்பாலான கணினிகளில் திரையின் மேல்விளிம்பில், பிளாஸ்டிக் சட்டத்திற்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும். அங்கு உயரமும் உண்டு. உலோகத்தின் மறைப்பும் குறைவு. இவ்விரண்டையும் இணைக்கும் மெல்லிய கம்பிகள் திரையின் ஓரமாக இறங்கி, கீலின் வழியாக நுழைந்து அட்டையை அடைகின்றன. வழக்கமாக இரண்டு கம்பிகள். ஒன்று கறுப்பு, மற்றொன்று வெள்ளை. நாளொன்றுக்கு நான்கு முறை மூடியைத் திறந்து மூடினால் ஆறு ஆண்டுகளில் எட்டாயிரம் முறைக்கும் மேலாகிறது. அத்தனை முறையும் அக்கம்பிகள் கீலில் வளைந்து நிமிர்கின்றன. நம் கணினியில் கறுப்புக் கம்பி அறுந்திருந்தது. வெள்ளைக் கம்பி நசுங்கியிருந்தது.

அப்படியாயின் முறுக்கிக் கட்டியபின் ஏன் வேலை செய்யவில்லை? இதற்குப் பெரியவர் தந்த விளக்கத்தை, பின்னர் நான் படித்தறிந்தவற்றோடு சேர்த்துக் கூறுகிறேன்.

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அதன் ஓர் அலையின் நீளம் கணக்குப்படி 6,000 கிலோமீட்டர். அத்தனை நீண்ட அலைக்கு ஓர் அங்குல முடிச்சு ஒரு பொருட்டன்று. ஆகவே மின்விசிறிக் கம்பியை முறுக்கிக் கட்டினாலும் விசிறி சுழல்கிறது. வை-ஃபை அலையோ நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அலைகிறது. நொடிக்கு 30 கோடி மீட்டர் செல்லும் ஒளியின் வேகத்தை அவ்வெண்ணால் வகுத்தால் கிடைப்பது பன்னிரண்டரை சென்டிமீட்டர். நம் கையின் ஒரு சாணுக்கும் குறைவு. இத்தகைய அலைக்கு ஒரு சென்டிமீட்டர் முடிச்சும் பெரிய தடையே.

மேலும், அக்கம்பி ஒற்றை இழையன்று. நடுவில் ஒரு மெல்லிய செம்புக் கம்பி. அதைச் சுற்றி மின்சாரம் கடத்தாத ஓர் உறை. அதன்மேல் நெருக்கமாகப் பின்னிய உலோக வலை. அதற்கும் மேல் புறத்தோல். வீட்டுத் தொலைக்காட்சிக்கு வரும் கேபிளை வெட்டிப் பார்த்தவர்கள் இவ்வமைப்பை அறிவர். இங்கு அதே அமைப்பு, சுமார் ஒரு மில்லிமீட்டர் பருமனில் அடக்கப்பட்டுள்ளது. அலை செல்வது நடுக்கம்பிக்கும் உலோக வலைக்கும் இடைப்பட்ட வெளியில். அவ்வெளியின் அளவு நெடுகிலும் மாறாதிருக்க வேண்டும். மாறும் இடத்தில் அலையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்புகிறது. வலை கிழிந்த இடத்தில் மற்றொரு பகுதி வெளியே கசிகிறது. நம் நெசவாளர் முறுக்கியபோது நடுக்கம்பியும் வலையும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. அலை ஆண்டெனாவை எட்டவேயில்லை.

இதனைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "உள்ளே பாவு, வெளியே ஊடையா? அப்படியென்றால் ஒரு முடிச்சில் கட்ட முடியாதுதான்" என்றார். தம் கைத்தொழிலின் மொழியில் கூறியபோதுதான் அவருக்கு அது முழுமையாக விளங்கியது.

சிறு கம்பியின் நீண்ட வரலாறு

இத்தகைய இரட்டைச் சுற்று வடத்திற்கு இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைட் 1880இல் காப்புரிமை பெற்றார். கண்ணுக்குத் தெரியாத அலைகள் வெளியில் பரவுகின்றன என்பதை ஜெர்மனியின் ஹெர்ட்சு 1880களின் இறுதியில் சோதனையால் மெய்ப்பித்தார். நம் நாட்டின் ஜகதீச சந்திர போசு 1895இல் கல்கத்தாவில் சுவரைக் கடந்து அலையை அனுப்பி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தைப் பற்றவைத்துக் காட்டினார். அவர் கையாண்டவையும் மிகக் குறுகிய அலைகளே. இன்று நம் வீடுகளில் சுவர் தாண்டி வரும் வை-ஃபை அலைகளுக்கு அவற்றோடு நெருங்கிய உறவுண்டு.

கம்பியில்லாக் கணினி இணைப்புக்கான முதல் தர வரையறை 1997இல் வெளிவந்தது. 'வை-ஃபை' என்னும் பெயர் 1999இல் சூட்டப்பெற்றது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையைத் தனி உரிமமின்றி எவரும் பயன்படுத்தலாம் என்ற விதி 2005இல் நடைமுறைக்கு வந்தது. அவ்விதி இன்றேல் நம் வீட்டு ரவுட்டர்களுக்கும் உரிமம் பெற வேண்டியிருந்திருக்கும்.

மாற்றிய முறை

பையன் யூ.எஸ்.பி. வடத்தின் உதவியால் தேர்வை எழுதி முடித்தான். அடுத்த ஞாயிறன்று பழுதுபார்க்க அமர்ந்தோம். அதே மாதிரிக் கணினியிலிருந்து கழற்றிய ஆண்டெனாவும் கம்பியும் சேர்ந்த தொகுதியொன்றைப் பையன் முந்தைய நாளே இரயிலேறிச் சென்று சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்திருந்தான். விலை ரூ. 250. "கம்பியை மட்டும் ஒட்டவைக்க முயலாதே, ஆண்டெனாவோடு சேர்த்தே மாற்று" என்பது பெரியவரின் கட்டளை. கணினியின் மாதிரி எண்ணைக் குறித்துச் செல்லுமாறும் கூறியிருந்தார். ஏனெனில் பழைய வகை அட்டைகளுக்கு முனை சற்றுப் பெரிது, புதிய வகைக்குச் சிறிது. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

வேலையைப் பையனே செய்தான். பெரியவர் அருகிலிருந்து கூறினார். வாசகர் எவரேனும் முயலக் கூடும் என்பதால் அம்முறையைச் சற்று விரிவாகத் தருகிறேன்.

கணினியை முற்றிலும் அணைத்து, சார்ஜரை நீக்க வேண்டும். அடிமூடியைத் திறந்தவுடன் முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பேட்டரியைக் கூரிய கருவியால் தொடலாகாது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். அது உப்பியிருக்கக் கண்டால் மேற்கொண்டு எதையும் தொடாமல் அறிந்தவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் நீங்க, பூச்சில்லாத உலோகம் ஒன்றைக் கையால் தொட்டுக்கொள்வது நலம்.

திருகாணிகள் எல்லாம் ஒரே நீளமுடையவை அல்ல. வெள்ளைத் தாளில் கணினியின் உருவை வரைந்து, எடுத்த இடத்திற்கு நேராக அவ்வத் திருகாணியை வைத்தான் பையன். நீண்டதைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் மறுபக்கம் துளைத்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டான். நினைவாற்றலை நம்பியவர்கள் பலர் மூடும்போது திகைத்ததுண்டு.

அட்டையின் மேல் கம்பிகள் பொத்தான்போல் அமுங்கிப் பொருந்தியிருக்கும். அவற்றைக் கம்பியைப் பிடித்து இழுக்கலாகாது. முனையின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து நேர்மேலாக உயர்த்த வேண்டும். இம்முனைகள் சுமார் முப்பது முறை மட்டுமே கழற்றி மாட்டுவதற்கென்று வடிவமைக்கப்பட்டவை. விளையாட்டாகக் கழற்றிப் பார்க்கலாகாது. அட்டையில் 'மெயின்', 'ஆக்ஸ்' என்ற குறிகளோ சிறு முக்கோணங்களோ இருக்கும். 

திரையைச் சுற்றியுள்ள சட்டத்தை, உலோகக் கருவி கொண்டு நெம்பாமல், பழைய பிளாஸ்டிக் அட்டையொன்றால் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக விடுவித்தான். திரை கண்ணாடியாதலால் அதன்மேல் கை ஊன்றவில்லை. பழைய ஆண்டெனாக்களை உரித்தெடுத்து, புதியவற்றை அதே இடத்தில் ஒட்டினான். கம்பியைப் பழைய கம்பி சென்ற வழியே, ஒவ்வொரு கொக்கியிலும் நுழைத்து, கீலின் வளைவில் சற்றே தளர்வு விட்டு இறக்கினான். இவ்விடத்தில் பெரியவர் இருமுறை பிரித்து மறுபடி செய்யச் சொன்னார். இறுக்கமாக இழுத்துக் கட்டினால் மீண்டும் அறும். மிகுதியாகத் தளர்த்தினால் கீலில் சிக்கி நசுங்கும். நெசவாளர் தம் விரலால் தொட்டுப் பார்த்து, "இப்போது சரி" என்றார். இழையின் இழுவிசையை அவர் விரல் அறியாதா!

இறுதியாக முனைகளைத் துளைக்கு நேராக வைத்து நகத்தால் அழுத்தினான். 'டிக்' என்ற மெல்லிய ஓசை கேட்டது. சாய்வாக வைத்து அழுத்தினால் முனை நசுங்கிப்போகும். அதனால்தான் அவ்வோசை வரும்வரை பொறுமை வேண்டும். மூடும் முன்பே பேட்டரியை இணைத்துச் சோதித்தோம். பத்தடி, இருபதடி, தெருவின் மறுகோடி வரை நடந்தான். இணைப்பு நிலைத்தது. மொத்தம் இரண்டரை மணி நேரம். பெரியவர் கூலியாக வாங்க ஒப்புக்கொண்டது ரூ. 100.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

அந்த முதற் கடைக்காரரைப் பழிப்பது என் நோக்கமன்று. பழுது எங்கே என்று தேட ஒரு மணி நேரமாகும். 'போர்டு போய்விட்டது' என்று கூற ஒரு நிமிடம் போதும். தேடும் நேரத்திற்குக் கூலி தர நாமும் முன்வருவதில்லை. உதிரி விற்றால்தான் அவருக்கு ஊதியம். ஆயினும் தெரியாததைத் தெரியாது என்று கூறுவது எத்தொழிலுக்கும் அடிப்படை நாணயம். அந்த நாணயம் என்னிடமும் இருக்கவில்லை என்பதால் அவரைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி உலகெங்கும் இன்று பேசப்படுகிறது. உதிரிகள், கையேடுகள் பற்றிய விவரங்களை நுகர்வோர் அறிவதற்கென நம் நடுவணரசு 2022 டிசம்பரில் தனி வலைத்தளம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கெனச் சட்டமே இயற்றியது. மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான நம் நாட்டின் புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. சட்டங்கள் வரட்டும். ஆயின் நம் ஊரில் பழுதுபார்க்கத் தெரிந்தவர் இல்லையெனில் அவ்வுரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வானொலிக்காரர் போன்றோர் முதுமை எய்திவிட்டனர். அவர்களிடம் கற்க வருவோர் அருகி வருகின்றனர்.

எனவே, ஒரு பொருள் நின்றவுடன் மூன்று வினாக்களை எழுப்புவோம். எது நின்றது, எது இன்னும் நிற்கவில்லை? இப்போதைக்கு வேறு வழியில் வேலை நடக்குமா? இரண்டாம் ஒருவரிடம் காட்டினோமா? இவற்றுக்கு விடை காணும்வரை நகையைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம்.

அந்த மாணவன் தேர்வில் வென்றானா என்று கேட்பீர்கள். முதற் சுற்றில் தேறினான், நேர்காணலில் தேறவில்லை, மீண்டும் முயன்று வருகிறான். ஆனால் ஞாயிறுதோறும் பெரியவர் கடையில் அமர்ந்து தொழில் கற்கிறான். அண்மையில் அக்கடைக்குச் சென்றபோது, வேறொரு வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, தாளின்மேல் திருகாணிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் தாயாரின் தோடு அவர் காதிலேயே இருக்கிறது.